பீச்சாங்கை வெள்ளை

"பீச்சாங்கைப் பக்கம்னு நானும் தலையில அடிச்சுக்கிட்டுச் சொல்றேன், இன்னும் என்ன சாட்சி வேணும் ஒங்களுக்கு? மூணு அமாவாசை மச்சான்! மூணு தடவையும் எம் புருசன் வந்து சோத்தத் தின்னுட்டு நேராப் போயி அவன் கூரையிலதான் உக்காருறாக. நீங்கெல்லாம் ஒரு அண்ணனா?"

"கத்தாத. இன்னிக்குப் பொழுது சாயட்டும். அவன் தலை அவன் வாய்க்கால்லயே உருளும்."

கொட்டத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்த ராக்கையாவுக்கு வாளி கைநழுவிருச்சு. கத்துனது மதினி பொன்னாத்தா. பதில் சொன்னது மூத்த அண்ணன் மொக்கைச்சாமி.

வெள்ளைக்காரன் காலம், முப்பத்தாறுன்னு வச்சுக்கங்க. சின்னமனூருக்குக் கிழக்க வாய்க்கா ஓரம் அவுகளுக்கு ஒரு வாழைத்தோட்டம். நடு அண்ணன் கருத்தக்கண்ணன், இந்தப் பொன்னாத்தா புருசன், ஆனி மாசம் அந்தத் தோட்டத்துலதான் வெட்டுப்பட்டுக் கெடந்தாரு. பீச்சாங்கை தோளோட தொங்கிப்போச்சு. போலீசு வந்து எழுதிட்டுப் போச்சு, ஆளு சிக்கல. பக்கத்துத் தோட்டத்துச் சின்னக்கருப்போட மடை தெறக்குறதுல தகராறு இருந்துச்சு. அம்புட்டுதான். கண்ணால பாத்தவுக யாருமில்ல.

ஆடி அமாவாசைக்குப் பொன்னாத்தா எலையில சோறு வச்சா. ஒரு காக்கா எறங்குச்சு. ஒடம்பெல்லாம் கறுப்பு, பீச்சாங்கை றெக்கையில மட்டும் நாலு இறகு சுண்ணாம்பு கணக்கா வெள்ளை. வெட்டு விழுந்த அதே கை. தின்னுட்டுப் பறந்து சின்னக்கருப்பு கூரையில உக்காந்துச்சு. ஆவணியிலயும் அதே. இன்னிக்குப் பெரட்டாசி அமாவாசை, இப்பவும் அதே. கொன்னவனைக் காட்டத்தான் புருசன் வாராகன்னு அவ முடிவு கட்டிட்டா.

ராக்கையா உள்ள ஓடுனான். "அண்ணே, அது நம்ம கண்ணண்ணன் இல்ல. அந்தக் காக்காயப் பங்குனியிலயே நான் பாத்தேன். கண்ணண்ணன்தான் காட்டுனாக. 'ஏலே, காக்காய்க்கு எவன்டா சுண்ணாம்பு அடிச்சது'ன்னு சிரிச்சாக. உசுரோட நின்னு காட்டுன மனுசன் எப்படிண்ணே அந்தக் காக்காயா இருக்க முடியும்?"

அருவாளத் தீட்டிக்கிட்டு இருந்த மொக்கைச்சாமி கை நின்னுச்சு.

பொன்னாத்தா விடல. "வெள்ளை எந்தக் கையில இருந்துச்சு?"

பங்குனியில வேலி மேல அது உக்காந்திருந்தது அவன் கண்ணுக்குள்ள வந்துச்சு. வாயில பட்டுன்னு வந்துருச்சு: "சோத்தாங்கைப் பக்கம்."

"கேட்டீகளா மச்சான்? இவன் பாத்தது வேற காக்கா. சின்னக்கருப்பு மகளுக்குப் பரிசம் போடுறீகளோ கொழுந்தனாரே? மாமனாரக் காப்பாத்த இம்புட்டுத் துடியா?"

"இல்ல மதினி, அது என்னைய மூஞ்சிக்கு நேராப் பாத்து உக்காந்திருந்துச்சு. எனக்குச் சோத்தாங்கைன்னா அதுக்குப் பீச்சாங்..."

"போதும்டா"ன்னான் மொக்கைச்சாமி. திரும்பவும் கல்லுல அருவா உரசுற சத்தம்.

முத்தத்து எலையில மிச்சச் சோறு இருந்துச்சு. அதே காக்கா திரும்ப வந்து எறங்குச்சு. இனிப் பேசிப் பிரயோசனம் இல்லன்னு ராக்கையாவுக்குத் தெரிஞ்சு போச்சு. கிளி வெரட்டுற கவண் ஆணியில தொங்குச்சு. எடுத்தான், கல்லு வச்சான், சுத்தி விட்டான். காக்கா சோத்து மேலயே மல்லாக்க விழுந்துச்சு. அரிசிச் சோறு செவந்துச்சு.

ஓடிப்போயித் தூக்குனான். றெக்கைய விரிச்சு அண்ணன் மூஞ்சிக்கு நேராப் புடிச்சான். "இங்கன பாருண்ணே. ஆடியில நாலு வெள்ளை. இப்ப ரெண்டுதான். மத்தது உதுந்துருச்சு. உதுந்த எடத்துல பாரு, வாழைக்குருத்து மாதிரி சுருண்டு கறுப்பு வருது. ஐப்பசியில வந்திருந்தா எந்தக் காக்கான்னு ஒங்களுக்கே தெரிஞ்சிருக்காது. இத வச்சா ஒரு ஆள வெட்டப் போற?"

மொக்கைச்சாமி அருவாளத் தரையில வச்சிட்டு அந்தக் கறுப்புக் குருத்தத் தொட்டுப் பாத்தான். திரும்பத் திரும்பத் தொட்டான்.

தரையில வச்ச அருவா தரையில இல்ல.

"எம் புருசன ரெண்டாந்தடவ கொன்னுட்டீகளேடா!"

காக்காயப் புடிச்சிருந்த கை மேலதான் வெட்டு விழுந்துச்சு. முழங்கைக்குக் கீழ எலும்பு வரைக்கும். பீச்சாங்கை. பொன்னாத்தா மறுவெட்டுக்கு ஓங்கும்போது மொக்கைச்சாமி அவளக் கட்டிப்புடிச்சுக் கீழ தள்ளுனான். செத்த காக்காயப் பாத்து எங்கெங்கயோ இருந்த காக்காயெல்லாம் கூடிருச்சு. கத்திக்கிட்டே எறங்கி ராக்கையா மண்டையில கொத்துச்சு. அவன் ரத்தத்துக்குள்ளயே சுருண்டுட்டான்.

பக்கத்துல வண்டி மாடு இருந்தது ஒரே வீட்டுல. சத்தங்கேட்டுச் சின்னக்கருப்பே வண்டியப் பூட்டிக்கிட்டு வந்துட்டான், எதுக்கு வெட்டுன்னு கேக்கல. தம்பியை மடியில போட்டுக்கிட்டு மொக்கைச்சாமி ஆசுபத்திரி வரைக்கும் வண்டி ஓட்டுறவன் முதுகையே பாத்துக்கிட்டுப் போனான். அருவா முத்தத்துலயே கெடந்துச்சு.

கையை எடுத்துட்டாக. எலை அறுக்கும்போது தானே வெட்டிக்கிட்டேன்னு ராக்கையா போலீசுல சொல்லிட்டான். சின்னக்கருப்பு உசுரு தப்புச்சு. அவன்தான் கொன்னானா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியல. பொன்னாத்தா அமாவாசை தவறாமச் சோறு வச்சா, வர்ற ஒவ்வொரு காக்காய்க்கும் பீச்சாங்கைப் பக்கம் பாத்தா. ராக்கையாகிட்டச் சாகுற வரைக்கும் பேசல.

ஆனா ராக்கையாவ அரிச்சது கை போனது இல்ல. பங்குனியில பாத்த காக்காயும் தான் அடிச்ச காக்காயும் ஒண்ணுதானா? அது மூஞ்சியக் காட்டி உக்காந்துச்சா, முதுகக் காட்டி உக்காந்துச்சா? யோசிக்க யோசிக்க அவனுக்கு ரெண்டு மாதிரியும் தெரிஞ்சுச்சு.

படிக்கிற ஒங்ககிட்டக் கேக்குறேன். ஒங்க தோட்டத்துப் பக்கம் றெக்கையில வெள்ளை விழுந்த காக்கா வந்து, மறுவருசம் அதே காக்கா கறுத்துப் போனதப் பாத்தவுக இருக்கீகளா? இருந்தா எந்த மாசம், எந்தக் கைன்னு எழுதுங்க. கை சொல்லும்போது ஒங்க கையச் சொல்லாதீக, காக்காயோட கையச் சொல்லுங்க.