டீசல் குன்வோர்

பீப்பாய்க்குப் பெல்ட் கட்டுகிற ஆம்பிளையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவும் என் சொந்த மருமகன். தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா என்று தெரியாமல் அடுப்புக் கொட்டகை வாசலில் நின்றேன்.

டிசம்பர் மாதம், புதன்கிழமை சாயங்காலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு. மருமகன் வெட்லெ கொட்டகைத் தரையில் முட்டி போட்டுக்கொண்டு, பளபளவென்று இருந்த எவர்சில்வர் பீப்பாயின் இடுப்பில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அதற்குக் கரண்ட் கொடுத்தால் சூடாகுமாம். அந்தப் பட்டையிலிருந்து ஒரு கம்பியும் பீப்பாய்க்குள் தொங்கியது. உள்ளே எத்தனை டிகிரி என்று அது அவன் போனுக்குச் சொல்லுமாம். விரலை விட்டுப் பார்த்தால் தெரியாதா? ஓஸ்லோக்காரனுக்கு விரல் எதற்கு இருக்கிறது, போனைத் தேய்ப்பதற்குத்தானே.

இவன் ஓஸ்லோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தான். போன வசந்தத்தில் என் மகள் இங்ருனைக் கூட்டிக்கொண்டு எங்கள் பண்ணைக்குக் குடிவந்தான். இங்கேயும் அதே கம்ப்யூட்டர், அதே உட்காரல். ஜன்னலில் டிராமுக்குப் பதில் மலை தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு மின்சாரக் கார் வைத்திருக்கிறான். தொழுவத்துச் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் அது ராத்திரி பகலாகப் பால் குடிக்கிறது. இருபது வருடமாக என் டீசல் வண்டிக்கு இருந்த பாயிண்ட் அது. கேட்டானா? கேட்டான். "பரவாயில்லையா அத்தை?" என்று கேட்டான். அப்படிக் கேட்டால் என்ன சொல்ல முடியும்.

செப்டம்பரில் பேரன் பிறந்தான், யோஸ்டைன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம். எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் விழுகிற அன்றைக்கு ஊர் குடிக்கிற பீரைத் தகப்பன்தான் காய்ச்ச வேண்டும். கடையில் வாங்கி ஊற்றினால் ஊர் வந்து குடிக்கும், குடித்துவிட்டு முப்பது வருடம் பேசும். ஈஸ்ட் போட்ட இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் கொட்டகைக்கு வந்து ருசி பார்ப்பார்கள். தேறவில்லை என்றால் காய்ச்சினவனுக்கு அங்கேயே ஒரு பேர் விழும். விழுந்த பேர் கல்லறை வரைக்கும் கூட வரும். அடுத்த பண்ணை அஸ்கவுட்டின் கல்யாணப் பீரில் சோப்பு வாடை அடித்தது. அன்றிலிருந்து அவன் சோப்பு. அவனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது, இன்னும் சோப்புதான்.

அந்தப் பேரை வைத்தது இந்தக் குன்வோர்தான். ஊரில் பேர் வைப்பது எப்போதும் நான்தான். என் நாக்கு அப்படி, நான் என்ன செய்ய.

இங்ருனுக்கு அது தெரியாதா? புதன்கிழமை மத்தியானம், வெட்லெ பீருக்கு வாசனை ஏற்றுகிற ஜூனிபர் புதர்க் கிளைகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இந்தப் பீருக்கு நீ ஏதாவது பேரு வெச்சேன்னா, பனி உருகறதுக்குள்ள நாங்க ஓஸ்லோவுக்குத் திரும்பிடுவோம். வெளையாட்டுக்குச் சொல்லல. அவரு இந்த ஊர்ல தலை நிமிந்து நடக்கணும்."

நான் என்ன, வாயில் விஷம் வைத்துக்கொண்டா அலைகிறேன் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். பெற்ற மகள். குழந்தையின் கால் ஒன்று போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, சரி என்று சொன்னேன். அந்தக் கால் பனி உருகும்போது என் வீட்டில் இருக்காது என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அதனால் அன்று சாயங்காலம் கொட்டகை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் பண்ணை ஈஸ்ட் மற்ற ஈஸ்ட் மாதிரி இல்லை. மனுஷன் உடம்புச் சூடு வேண்டும் அதற்கு. சூடு இருந்தால் இரண்டே நாளில் வேலையை முடித்துவிடும், குளிர்ந்தால் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். அதற்காகத்தான் எங்கள் வீட்டில் பீப்பாயைச் சுற்றி ஆட்டுத்தோல் கட்டுவது. நானே போய் நான்கு தோலைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவன் ஒரு தோலை மோந்து பார்த்தான். "வேண்டாம் அத்தை. ஈரவாடை அடிக்குது, பீர்ல ஏறிடும். பெல்ட்டே போதும், முப்பத்தாறுக்குக் கீழ எறங்காது."

"பெல்ட்டு அந்து போச்சுன்னா?"

"போன் சொல்லும்."

போன் சொல்லுமாம். நாற்பது வருடம் நான் காய்ச்சின பீரில் வராத ஆட்டுவாடை இவன் பீரில் ஏறிவிடுமாம். தோலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் எறிந்தேன்.

ஈஸ்ட் ஊற்றும்போது பீப்பாய்க்குள் குனிந்து அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ அவ்வளவு வீரியம் பீரில் இறங்கும் என்று எங்கள் ஊரில் நம்பிக்கை. என் மாமனார் கத்தினால் எதிர்க்கரையில் நாய் குரைக்கும். இவன் குனிந்தான், இருமினான், தொண்டை கட்டின கோழி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை. எனக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஏழரை மணிக்கு வேலை. இந்தக் குளிரில் டீசல் வண்டிக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் கொடுத்து இன்ஜினைச் சூடாக்காவிட்டால் அது முனகும், கிளம்பாது. ஐந்து மணிக்கு எழுந்து போனால் தொழுவத்துப் பாயிண்டில் மாப்பிள்ளையின் கார் சொகுசாக உட்கார்ந்திருந்தது. வந்தது பாருங்கள் எனக்கு ஆத்திரம். என் ஆரஞ்சு ஒயரை அடுப்புக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருப்பது ஒரே ஒரு பாயிண்ட். அதில் பெல்ட் இருந்தது. பிடுங்கினேன், என் ஒயரைச் செருகினேன். இரண்டு மணி நேரம்தானே, பீப்பாய் என்ன செத்தா போய்விடும், கிளம்பும்போது மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது வண்டிப் பக்கத்து நுனியைக் கழற்றி அப்படியே பனியில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்து போய்விட்டேன். பீப்பாய் ஞாபகமே இல்லை. அன்றைக்கு இல்லத்தில் கஞ்சி அடிப்பிடித்தது, அந்த அமளி வேறு.

நான்கு மணிக்கு இருட்டில் திரும்பி வந்து முற்றத்தில் திரும்பினேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த ஆரஞ்சு ஒயர் கொட்டகைக் கதவடியிலிருந்து பனிமேல் நீளமாகக் கிடந்தது. ஓடிப்போய் பீப்பாயைத் தொட்டேன். ஜில்லென்றது. தோலும் இல்லை, துணியும் இல்லை, மொட்டை எவர்சில்வர். பதினோரு மணி நேரம் அந்தக் கொட்டகையில் நின்றிருக்கிறது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நுரை அமுங்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் கிடந்தது. பெல்ட்டின் பிளக்கைச் செருகினேன். என் ஒயரைச் சுருட்டி வண்டிக்குள் ஒளித்தேன். ஆமாம், ஒளித்தேன். அறுபத்துமூன்று வயதில்.

இரவுச் சாப்பாட்டில் வெட்லெ போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பகல் முழுக்க முப்பத்தாறு காட்டியதாம், திடீரென்று பதினாறு காட்டுகிறதாம். கரண்ட் போனதும் அந்தக் கருவியும் செத்து, கடைசியாகப் பார்த்த நம்பரையே காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. இவனும் எழுந்து நாற்பது அடி நடந்து போய்ப் பார்க்காமல் நம்பரை நம்பி உட்கார்ந்திருக்கிறான்.

"அந்தக் கருமத்தை நம்புனா இப்பிடித்தான்" என்றேன் நான். உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அவன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கால் மணி நேரம் கழித்து வந்து, பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வெளியே வந்தபோது தொழுவத்துப் பாயிண்ட் காலியாக இருந்தது. மின்சாரக் காரைத் தள்ளித் தூரத்தில் வேலியோரம் நிறுத்தியிருந்தான். அதன்மேல் பனி ஒரு சாண் ஏறியிருந்தது. பாயிண்டுக்கு நேராக என் வண்டி நிற்கிற இடத்தில் மட்டும் பனியை வழித்துச் சுத்தம் செய்திருந்தான். அப்போது புரிந்தது. என் ஒயர் பனியில் பதிந்த கோடு கொட்டகைக் கதவு வரைக்கும் இருந்திருக்கும். ஒயரை ஒளித்தேன், கோட்டை ஒளிக்கத் தோன்றவில்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்கு நான்கு போட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பேன். பனியை வழித்து வைத்திருக்கிறான், மூதேவி.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் வந்தது. பன்னிரண்டு பேர், கொட்டகை நிறைந்துவிட்டது. அஸ்கவுட் முன்னால் நின்றான். அவன் முகத்தில் முப்பது வருடப் பசி தெரிந்தது. தன் பேருக்கு ஒரு துணை கிடைக்கும் என்று சோப்பு காத்துக்கொண்டிருந்தான். வெட்லெ குழாயைத் திறந்து மரக்கிண்ணத்தில் பிடித்தான். பீர் மங்கலாக, சர்பத் மாதிரி விழுந்தது. அஸ்கவுட் ஒரு வாய் குடித்தான், வாயிலேயே வைத்திருந்தான், கஷ்டப்பட்டு விழுங்கினான். கிண்ணம் சுற்றி வந்தது. எனக்கும் வந்தது. தித்திப்பு. வெறும் தித்திப்பு. ஈஸ்ட் பாதி வேலையில் படுத்துவிட்ட பீர்.

அஸ்கவுட் வெட்லெயிடம் என்னப்பா ஆச்சு என்று கேட்டான்.

"பெல்ட்டு நின்னுபோச்சு. நான் கவனிக்கல. என் தப்புதான்" என்றான் வெட்லெ. தரையைப் பார்த்துச் சொன்னான்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பேர் வைக்கிற நேரம். இங்ருன் கதவோரம் குழந்தையோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன், பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்ட முகம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கொடுத்த வாக்கும் அதுதானே. நான் பேர் வைக்காவிட்டாலும் அஸ்கவுட் வைப்பான், பழி என்மேல் விழாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். மருமகன் உடைத்தால் என்ன குடம் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. இங்கே உடைத்தவனும் அவன் இல்லை. என் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பீரை ருசி பார்த்துப் பேர் வைத்தவள், என் சொந்தத் தப்பை ஒரு ஓஸ்லோக்காரன் தலையில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சீ என்று இருந்தது.

"அவன் தப்பு இல்ல" என்றேன். "பெல்ட்டைப் பிடுங்கினவ நான். வண்டிக்குச் சூடு குடுக்கறதுக்கு. அப்புறம் மறந்துட்டேன். நேத்து சாப்பாட்டுல அவன் அதப் பத்திப் பேசுனப்பவும் சொல்லல."

அஸ்கவுட்டின் முகம் மெதுவாக மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

"பீருக்குக் குளிரு, டீசலுக்குக் கதகதப்பு" என்றான். ஒவ்வொரு சொல்லையும் ருசித்துச் சொன்னான். "டீசல் குன்வோர்."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. இங்ருன்கூடச் சிரித்தாள். சோப்பு என்று கூப்பிட்ட அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அவன் வாங்கிக்கொண்டான், போகட்டும்.

சிரிப்பு அடங்கினதும், பீர் சாகவில்லை, தூங்குகிறது என்று நான் சொன்னேன். சூடு சேர்த்துக் கலக்கிவிட்டால் ஞாயிறு காலைக்குள் தேறிவிடும். பரணுக்குப் போய் ஆட்டுத்தோலைக் கொண்டுவந்தேன். வெட்லெ இந்தத் தடவை மோந்து பார்க்கவில்லை. பெல்ட்டுக்கு மேலே நான்கு தோலையும் நாங்கள் இரண்டு பேருமாகச் சுற்றினோம், கயிற்றை அவன் இழுத்தான், முடிச்சை நான் போட்டேன். துடுப்பால் அடியிலிருந்து கலக்கினோம்.

தூங்கின ஈஸ்டை எழுப்ப மறுபடியும் கத்த வேண்டும், அதுதான் வழக்கம் என்று அஸ்கவுட் சொன்னான். வெட்லெ பீப்பாய் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். உள்ளே குனியவில்லை. எதிர்ப்பக்கம் நின்றிருந்த என் முகத்தை நேராகப் பார்த்தான். எட்டு மாதத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

பிறகு கத்தினான்.

தொழுவத்தில் ஆடுகள் தடதடவென்று எழுந்த சத்தம் கேட்டது. குழந்தை வீரிட்டது. அஸ்கவுட் ஒரு எட்டு பின்னால் போனான். என் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில்கூட அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தம் எழும்பினதில்லை. அது ஈஸ்டுக்கு இல்லை. தோலுக்கும், பிளக் பாயிண்டுக்கும், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே நான் சொன்ன பொய்க்கும் சேர்த்து எனக்கு வந்தது. மூச்சு தீர்கிற வரைக்கும் கத்தினான். நான் கண்ணை எடுக்காமல் நின்று வாங்கிக்கொண்டேன்.

"இப்பத்தான் ஒழுங்கா கத்தியிருக்க" என்றேன்.

"உங்களப் பாத்தா தானா வருது அத்தை" என்றான், மூச்சிரைக்க.

ஞாயிற்றுக்கிழமை பீர் தேறிவிட்டது. தேறிவிட்டது என்றுதான் சொல்வேன், அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது. லேசாக ஆட்டுவாடை அடித்தது. அதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீள மேசையின் தலைமாட்டில் வெட்லெ உட்கார்ந்திருந்தான், மடியில் யோஸ்டைன். இங்ருன் வசந்தத்தில் கோழிக்கூண்டு எங்கே கட்டலாம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீசல், இங்க ஒரு கிண்ணம்" என்று அந்தக் கடைசியிலிருந்து சோப்பு கூப்பிட்டான்.

எழுந்து போய் ஊற்றினேன்.