கைநாட்டு வைக்காதவர்

என் அய்யா சீனிச்சாமிக்கு எண்பத்து நாலு வயது. என்னைவிட முப்பது வயது மூப்பு, வீம்பிலோ முன்னூறு மடங்கு. அந்த வீம்பு எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டதால்தான் இந்தக் கதையே.

சுதந்திரம் வாங்கி ஐம்பது வருஷம் ஆகிறதென்று, சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் தியாகிகள் பெயரைக் கல்லில் வெட்ட முடிவு செய்தார்கள். ஜெயிலுக்குப் போனவர்களில் உயிரோடு இருப்பது அய்யா ஒருவர்தான். முப்பத்திரண்டில் கள்ளுக்கடை மறியல் செய்து ஆறு மாதம் உள்ளே இருந்தவர். சிறைச் சான்று வந்துவிட்டது. உறுதிமொழித் தாளில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. ஆனால் மாசி மாதம் வாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது.

இடது பெருவிரல் ரேகை போதும் என்று பஞ்சாயத்து கிளார்க் கர்ணன் சாதாரணமாகச் சொன்னான். நேற்றுப் பிறந்தவன், அவனுக்கு எங்கே தெரியும்?

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் தெருவுக்கு ரேகைச் சட்டம் இருந்தது. எந்தத் தப்பும் செய்ய வேண்டாம், எங்கள் சாதியில் பிறந்தாலே குற்றவாளி. இளவட்டமானதும் ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஸ்டேஷனில் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டிக் கொடுக்க வேண்டும். நெல் விலை அடியோடு விழுந்து, வேலை தேடி மலைக்குப் போகலாம் என்றாலும் போலீஸ் சீட்டு வேண்டும். அவர்கள் மனசு வைத்தால்தான் சீட்டு, சீட்டு இருந்தால்தான் கஞ்சி. மறியலுக்கு யார் சீட்டுத் தருவார்கள்? அய்யா சீட்டில்லாமலே போனார்.

ஜெயிலில் போடிக்காரர் ஒருவர் மண்ணில் எழுதிக் காட்டி, அய்யாவுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பியதும் மறுபடி மைதான். காங்கிரஸ் மந்திரிசபை வந்தது, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வந்தது, மை மட்டும் போகவில்லை. நாற்பத்தேழில்தான் சட்டம் போனது. அன்றிலிருந்து நிலப் பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் எதிலும் அய்யா கைநாட்டு வைத்ததில்லை. கையெழுத்துத்தான்.

இடது கையால் எழுதிப் பழகுகிறேன் என்று உட்கார்ந்தார். பெயர் முழுசாக வந்தால்தான் செல்லும், கிறுக்கல் ஆகாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பதினொரு நாள் எழுதினார். 'சீனி' வரை வரும், பிறகு பேனா தாளைக் கிழித்துக்கொண்டு ஓடும். பச்சைப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பவும் ஆரம்பிப்பார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

தாளைக் கொடுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கடைசி நேரம். அன்று காலை கேட்டே விட்டேன்.

"கல்லுல பேரு வேணாமா அய்யா?"

"வேணும்த்தா. வேணும்னுதான இந்தப் பாடு படுறேன். ஆனா எழுதித்தான் குடுப்பேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். நான் சத்துணவு அமைப்பாளர். சமைக்கிற பெண்களிடம் ரேகை வாங்க மைப்பெட்டி எப்போதும் என் பையில் கிடக்கும். எத்தனை பேர் விரலைப் பிடித்து அமுக்கியிருப்பேன், ஒருநாளும் எனக்கு எதுவும் உறுத்தியதில்லை. இந்த மனுஷன் சாகும்முன் இவர் பேரை நாலு பேர் படிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் அப்போது. இடது பெருவிரலை எடுத்து மையில் ஒற்றித் தாளில் வைத்தேன். விரல் கனமாக, சூடாக இருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். ஓடிப்போய்க் கர்ணனிடம் கொடுத்தேன். அவன் அப்போதே தாளோடு அலுவலகத்துக்குப் பஸ் ஏறிவிட்டான்.

திரும்பி வந்தபோது அய்யா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் எல்லா மையையும் எடுத்திருக்கவில்லை. ரேகைக்குள் நீலம் நின்றிருந்தது. விரலை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, ரெண்டு நாளில் சரியாகியிருக்கும்.

"குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார். குரலில் கோபமே இல்லை.

"போலீஸ்காரககூட நான் முழிச்சிருக்கப்பத்தான் ஆத்தா வெரலப் புடிச்சாக."

கல்லில் அய்யா பெயரைத்தான் முதலில் வெட்டியிருக்கிறார்கள். கொடியேற்ற அவரைக் கூப்பிட வந்தவர்களிடம், உடம்பு முடியவில்லை என்று நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன்.