ஒரே சீட்டில் இரண்டு குத்து

வல்லக்கோட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் அந்த ஊரின் நான்காம் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நின்றது ஒன்றரைப் பெண்கள். மரகதம் முழுசாக நின்றாள். கோவிந்தம்மாவுக்குப் பதிலாக அவள் புருஷன் அண்ணாதுரை நின்றார், நடந்தார், கும்பிட்டார், முழங்கினார். போஸ்டரில் கோவிந்தம்மா தபால்தலை அளவு; அண்ணாதுரையின் மீசை ஒரகடம் மேம்பாலத்தின் நீளம்.

மரகதத்துக்கு வேண்டியது ஒரு விளக்கு. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் இறங்குகிற கம்பெனி பஸ் முனையில் கும்மிருட்டு. அவள் கொடுத்த மனுக்களின் பளுவில் ஊராட்சி அலுவலகம் ஓரடி பூமிக்குள் இறங்கியிருந்தது. இனி மனு வாங்குகிற பக்கம் போய் உட்கார்ந்துவிடுவது என்று தேர்தலில் குதித்தாள்.

ஓட்டு எண்ணும் மண்டபத்தில் எண்ணி முடித்தபோது ஆளுக்கு நூற்றெண்பத்தொன்று. மிச்சம் ஒரே ஒரு சீட்டு. அதில் மரகதத்தின் ஆட்டோ சின்னத்தின் மேலும் ஸ்வஸ்திக் முத்திரை, கோவிந்தம்மாவின் பூட்டு சாவி மேலும் முத்திரை.

"ரெண்டு குத்து. செல்லாது. குலுக்கல்தான்" என்றார் தேர்தல் அதிகாரி.

"குலுக்கு சார்! குலுக்கல்ல நமக்கு ராசி ஜாஸ்தி." அண்ணாதுரை மாலையோடேயே வந்திருந்தார்.

மரகதம் மேசை மேல் குனிந்தாள்.

"சீட்டு மேல கை வைக்காதம்மா!"

"கண்ண மட்டும்தான் வெச்சிக்கிறேன் சார். இதுல ஒண்ணு எல்.ஹெச்., ஒண்ணு ஆர்.ஹெச்."

"என்னது?"

"கார் சைடு மிரர் கம்பெனில பதினோரு வருசமா செக்கிங் சார். லெஃப்ட் பீசும் ரைட் பீசும் பாக்க ஒரே மாரிதான் கீது. ஆனா திரும்பிக்கிற பக்கம் வேற. இங்கயும் அதான். அந்த முத்திரைய ஒரு வெத்துத் தாள்ல குத்தி மடிச்சிப் பாருங்க."

அதிகாரி குத்தினார், மடித்தார், பிரித்தார். குத்தினது வலப்பக்கம் சுழன்றது, ஒட்டிக்கொண்டது இடப்பக்கம். எட்டிப் பார்த்த கூட்டத்தில் மண்டபமே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு எல்லோரும் சீட்டைப் பார்த்தார்கள். ஆட்டோ மேல் இருந்தது வலம். பூட்டு மேல் இருந்தது இடம், மையும் வெளிறி.

"மை காயறதுக்குள்ள குறுக்கால மடிச்சிக்கீறாங்க சார். ஆட்டோல குத்துனது பூட்டுல ஒட்டிக்கினுது."

ஒட்டின மையைத் தள்ளிவிட்டு, குத்தின இடத்தையே கணக்கில் எடு என்றது விதிப் புத்தகமும். ஒரு ஓட்டில் மரகதம் ஜெயித்தாள்.

"ஒரு சீட்ட மடிக்கத் தெரியாத ஆளு எவன்யா?" என்று மாலையைக் கழற்றி வீசிவிட்டு வெளியேறினார் அண்ணாதுரை.

தேர்தல் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத கோவிந்தம்மா, மரகதத்தின் காதருகே வந்தாள்.

"எம் பொண்ணும் அந்த முனையிலதான் எறங்குது மரகதம். குத்தறத கரெக்டாதான் குத்துனேன். வெளிய இவுரு, 'இன்னும் இன்னாடி பண்ற'ன்னு கத்திக்கினே இருந்தாரா, அவசரத்துல குறுக்கால மடிச்சிட்டேன்."

மரகதத்துக்குப் பீறிட்ட சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்களுக்கு எண்ணிக்கை தப்பி, அவர்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.