பக்கத்து சீட்டில் தொண்ணூற்று நாலு கிலோ

அந்தத் தெருவில் அவருக்குக் கம்பெனியார் என்று பெயர். கம்பெனி ஒன்றும் கிடையாது, இருப்பது ஒரு வீல் அலைன்மென்ட் கடைதான். சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று காரைச் செய்த கம்பெனி ஓர் அளவு கொடுத்திருக்கும் இல்லையா, அதில் மயிரிழை பிசகினாலும் மனுஷருக்கு ஆகாது. "கம்பெனிக்காரன் என்ன முட்டாளா?" என்று நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவரின் சொந்தத் தம்பியே, கார் ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வாங்கிய குட்டை ஸ்பிரிங்கை மாட்டினால் சும்மா இருப்பாரா? அது போதாதென்று, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களும் புதுசு. திருகித் திருகி நீளத்தை மாற்றிக்கொள்ளலாமாம். கடை வாசலில், நாலு பேர் பார்க்கக் கத்தித் தீர்த்தார். "இதை என் கடைக்குள்ள கொண்டு வராதடா. இந்த வண்டில நான் காலே வைக்க மாட்டேன்!"

தம்பிக்கும் ரோஷம் உண்டே. வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, நாலு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, தானே அலைன்மென்ட் செய்துகொண்டான். இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிடவில்லை. வீட்டு விஷயம், பிள்ளைகள் விஷயம் எல்லாம் பேசுவார்கள். கார் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தம்பி இப்போது இல்லை. ரத்தத்தில் வந்த நோய், நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போய்விட்டான்.

இன்று காலை அந்தக் காரைத் தம்பி மனைவி ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினாள். உள்ளே கொண்டு வரலாமா என்று கண்ணாலேயே கேட்டாள். கம்பெனியாருக்குச் சுருக்கென்றது.

"கேக்கணுமாம்மா? வா வா, மேடை மேல ஏத்து."

இறங்கியதும் சொன்னாள். "கையை லேசா விட்டா என் பக்கமாவே இழுக்குது மாமா. டயர் ஓரமா தேயுது. ஆபீஸுக்கு இதுலதான் போயாகணும்."

"பாத்துரலாம்."

"இன்னொண்ணு." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "போற இடமெல்லாம், விவரம் தெரியாதவன் செஞ்ச வேலைங்கறாங்க. அவர் செஞ்சது தப்பா மாமா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஏத்துக்கறேன்."

அவர் வேலையில் இறங்கினார். நாலு சக்கரத்திலும் அளவுப் பலகையை மாட்டினார். முன்னால் நிற்கும் திரையில் எண்கள் வந்தன. சரியாக இருந்தால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் சிவப்பு. 'அப்பவே சொன்னேனே' என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினார்.

வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தால், அட, ஒவ்வொரு நட்டின் மேலும் ஆர்மோடு சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு! நட்டு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒரு கோடும் உடையவில்லை. இவ்வளவு அக்கறையாகச் செய்தவன் அளவில் மட்டுமா கோட்டை விட்டிருப்பான்?

"ஏம்மா, எதிலயாவது எழுதி வெச்சிருக்கானா?"

டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தாள். தம்பியின் கோழிக் கிறுக்கல். சக்கரம் சக்கரமாக எண்கள். அதற்கு மேலே ஒரு வரி: 'ஓட்டுறது நான், 68. பக்கத்துல அண்ணன், 94. ரெண்டு பேரும் உக்காந்தா வர்ற அளவு.'

கம்பெனியார் பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு நாள் தம்பி போனில், சம்பந்தா சம்பந்தமில்லாமல், "அண்ணா, உன் வெயிட் என்ன?" என்று கேட்டான். தொப்பையைக் கிண்டல் பண்ணுகிறான் என்று இவருக்கு மூக்கின் மேல் கோபம். "தொண்ணூத்தி நாலுடா, அதுக்கென்ன இப்போ?" என்று பட்டென்று வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலும் ஒரு நாள் அவனாகவே, "வீட்டுக்கு வந்ததும் ஒரு ரவுண்டு போலாம்ணா" என்றான். "முதல்ல எழுந்து உக்காரு, அப்புறம் பாக்கலாம்." சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்தா போயிருப்பார்!

"நான் பக்கத்துல உக்காந்தா சிரிப்பார் மாமா," என்றாள் அவள். "இது உனக்காக செட் பண்ணலை, எங்கண்ணன் கோவம் தீர்ந்து வருவாரு, அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னுவார்."

"உன் வெயிட் என்னம்மா?"

"அம்பத்திரெண்டு."

கடை மூலையிலிருந்து பதினாறு கிலோவில் ஒரு பழைய பேட்டரியைத் தூக்கி வந்து, அவளை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, காலடியில் வைத்தார். அறுபத்தெட்டு ஆயிற்று. திரையில் கம்பெனி அளவை எடுத்துவிட்டு, நோட்டில் இருந்த எண்களைப் போட்டார். வாழ்நாளில் அவர் செய்யாத காரியம். பிறகு அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்து, தம்பியின் காரில் முதல் முறையாகக் காலை வைத்தார்.

அவர் உட்கார்ந்ததும் கார் மெல்ல அமுங்கியது, அதோடு சக்கரங்களின் சாய்வும் மாறியது. எதிரே திரையில் எண்கள் ஓடி ஓடி நின்றன. ஒவ்வொன்றாகப் பச்சை. கடைசியில் ஒரு சிவப்புகூட இல்லை.

"தப்பே இல்லம்மா," என்றார். குரல் உடைந்தது. "நூலைக் கட்டி இப்படி ஒருத்தன் செட் பண்ணி நான் பாத்ததில்ல. நான்தான் வந்து உக்காரல. உக்காராமலே இருந்துட்டேன்." பெரிய மனுஷர், குழந்தை மாதிரி அழுதார். அவளும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அழுதாள். கார் மேடையில் நின்ற இடத்திலேயே நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கண்ணைத் துடைத்தாள். "மாத்திடுங்க மாமா. நான் தனியாத்தானே போகப் போறேன்."

"இப்படியே விட்டுட்டா என்னன்னு பாத்தேன்."

"டயர் போயிடும் மாமா. அவர் இருந்தா அதுக்கே திட்டுவார்."

அது சரிதான். அவரே இன்னொருவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். பேட்டரியை எடுத்தார். அவளை மட்டும் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். முதல் நட்டில் ஸ்பானரை வைத்து ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் திருகினார். வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. மற்றதையும் ஒவ்வொன்றாகத் திருகினார்.

வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. நோட்டில் தம்பியின் எழுத்துக்குக் கீழே புது அளவுகளை எழுதினார். அதற்கு மேலே, 'ஓட்டுறது தம்பி மனைவி, 52. பக்கத்துல யாரும் இல்லை' என்று எழுதி அவளிடம் கொடுத்தார்.

அவள் காரை மேடையிலிருந்து இறக்கி, வாசலில் நிறுத்தி, எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். "வாங்க மாமா. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். அவர் ஆசைப்பட்டது."

கம்பெனியார் கதவு வரைக்கும் போனார். கையை சீட்டின் மேல் வைத்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"நான் ஏறினா அளவு மாறிடும்மா," என்றார். "நீ போயிட்டு வா. நேரா போகுதான்னு நான் இங்கேருந்து பாக்கறேன்."

கார் நேராகத்தான் போனது. தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.