ஒரு தட்டுக்கு இரண்டு ரிசீவர்

அன்று ஹாலில் இருந்தவர்கள்: அப்துல் ரசாக் ஆகிய நான், என் மனைவி பீபி ஜான், மகன் அஸ்பாக், மருமகள் மெஹ்விஷ், அவளுடைய தகப்பனாரும் என் சம்பந்தியுமான சமீர் சாகிப், சவுண்ட் சர்வீஸ் முருகையன். ஆறே பேர். ஏழாவதாக ஒருவர் அங்கே இல்லை. இல்லாதவர்கள்தான் இப்போது ஜாஸ்தி பேசுகிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வேங்கிக்காலில் அஸ்பாக் புதிதாகக் கட்டிய வீட்டில், ஹால் சுவரோடு சேர்த்து மர அலமாரி அடித்திருக்கிறான். ரிசீவர் வைக்கிற அகலத்தில் அதில் ஒரே ஒரு தட்டுதான். ரிசீவர்களோ இரண்டு.

ஒன்று எங்களுடையது. எழுபத்தெட்டில் என் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தார். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பெட்டிக்குள். வெள்ளி முகப்பு, மரக் கூடு, பக்கத்துக்கு நாற்பத்தைந்து வாட்ஸ், பதினாலு கிலோ எடை. இன்னொன்று மெஹ்விஷின் தாத்தா ஜித்தாவில் வாங்கியது. கறுப்பு முகப்பு, முப்பது வாட்ஸ். நான் அதைக் குறை சொல்லவில்லை. முப்பது என்பது நாற்பத்தைந்தைவிடக் கம்மி, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹாலை. அங்கே எந்தக் குடும்பத்தின் செட் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் வீடு என்றுதான் நினைப்பார்கள். பெண் கொடுத்தவர்களின் செட் ஹாலிலும், அண்ணன் செட் உள்ளறையிலும் என்றால் என் முகம் என்ன ஆவது? வாயைத் திறந்து இதைச் சொல்லவும் முடியாது. சம்பந்தியிடம் நம் பொருளை நாமே உசத்திப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை.

அஸ்பாக்தான் வழி சொன்னான். "கண்ணால பார்த்தாத்தானே வம்பு? ரெண்டையும் போர்வைக்குப் பின்னாடி வெச்சிடலாம். ஸ்பீக்கர் ஒரே ஜோடி. எது நல்லா இருக்குன்னு காதால கேட்டுச் சொல்லுங்க. அது ஹால்ல."

போன மாதம் ஒரு ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து சமீர் சாகிப் தம் செட்டைப் பஞ்சு ரஜாயில் சுற்றி, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். கடலைக்காய் மண்டி வைத்திருக்கிறார். கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"டிக்கியில வெச்சிருக்கலாமே, சம்பந்தி?"

"வெச்சிருக்கலாம்தான். உங்க ஊர் ரோடு என் செட்டைவிடப் பழசுங்க."

முருகையன் போர்வைக்குப் பின்னால் போய் ஒயர்களை மாட்டினான். நெடுநேரம் வெளியே வரவில்லை. "ஆச்சா?" என்றேன். "இதோ ஆச்சு பாய், ஒரு நிமிஷம்" என்றான். பிறகு அஸ்பாக்கின் போனிலிருந்து ஒரு ஷெனாய் வாசிப்பை ஓட்டினான்.

"இது ஒண்ணு," என்றான் உள்ளே இருந்தபடியே.

ஷெனாய் எழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது அண்ணன் செட். கூட வந்த தப்லாவின் அடி தரையில் அழுந்தி வந்தது. நாற்பத்தைந்து வருடமாகக் கேட்கிற காது ஏமாறுமா?

நின்றது. குமிழ் திருகும் சத்தம். "இது ரெண்டு."

அதே ஷெனாய். ஆனால் மெலிந்திருந்தது. தப்லா கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. சந்தேகமே இல்லை, ஜித்தா செட்.

"சொல்லுங்க, சம்பந்தி," என்றேன்.

"பெரியவர் நீங்க இருக்கும்போது நானா? நீங்க சொல்லுங்க."

"நீங்க விருந்தாளி."

"ஷெனாய்க்காரரே வீட்டுக்குப் போயிருப்பாரு, யாராச்சும் சொல்லுங்க," என்றாள் பீபி ஜான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுது."

"உன் காது அவ்வளவுதான்," என்றேன்.

விருந்துக்கு வந்தவரின் செட்டை என் வீட்டில் வைத்து நான் தாழ்த்துவதா? அவருடையதை நான் உயர்த்துவேன். பெண் கொடுத்த மனிதர், அவர் என்னுடையதை உயர்த்தாமல் விடமாட்டார். அதற்குப் பிறகு, "சம்பந்தியே சொல்லிட்டார்" என்று அண்ணன் செட்டைத் தட்டில் ஏற்றிவிடலாம். இதுதான் என் கணக்கு.

"ரெண்டாவதுதான் அருமை," என்றேன்.

"சேச்சே," என்று பதறினார் சமீர் சாகிப். "முதல்லது. முதல்லதுக்குப் பக்கத்துல வர முடியுமா?"

அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று மனம் நிறைந்தது. அஸ்பாக் போர்வையை இழுத்தான். மெஹ்விஷ் குனிந்து பார்த்தாள்.

"மாமா, உங்க செட்டுல லைட்டே எரியலையே?"

எரியவில்லை. ஸ்டேஷன் எண்கள் இருண்டு கிடந்தன. கறுப்பு செட் மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் முருகையனைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சிக்குங்க பாய். பிளக்கைப் போட்டதுமே உங்க செட்டுல ஃபியூஸ் போயிடுச்சி. பையில துழாவிப் பார்த்தேன், அந்த அளவு இல்ல. சம்பந்தி எதிர்ல உங்க செட்டு பேசலைன்னு எப்படிங்க சொல்றது? அதான் இந்தக் கறுப்பையே ரெண்டு தடவ ஓட்டிட்டேன்."

"ரெண்டு தடவையும் இதுவேவா?"

"இதுவேதாங்க. உங்க செட்டுக் குமிழை மட்டும் சும்மா திருப்பினேன்."

பீபி ஜான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சமீர் சாகிப்பின் முகம் சிவந்துவிட்டது. "நான் உங்க செட்டுன்னு நெனச்சித்தாங்க சொன்னேன். சத்தியமா. என் செட்டை நானே உங்க வீட்ல வந்து புகழ்வேனா?"

"நானும் அதையேதான் நெனச்சேன்," என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஒரே செட். ஒரே பாட்டு. சத்தத்தில் எதுவும் மாறவில்லை. அப்படியானால் தரையில் அழுந்திய அந்த அடி யாருடையது? மெலிந்தது எது? சமீர் சாகிப்பின் காதிலும் அப்படியேதான் விழுந்திருக்கிறது. முதலாவது என்னுடையது, இரண்டாவது தம்முடையது என்று என்னைப் போலவே பிரித்திருக்கிறார். நாங்கள் இருவரும் ஒரே தவறை ஒரே இடத்தில் எப்படிச் செய்தோம்?

"ஃபியூஸ் வாங்கிட்டு வரேன், பத்து நிமிஷம்," என்றான் முருகையன். "இந்த வாட்டி ஒழுங்கா வைப்போம்."

"வேணாம்," என்றேன்.

"அப்பா, இதுல என்ன இருக்கு? மறுபடி கேட்டா முடிஞ்சிடும்," என்றான் அஸ்பாக்.

மறுபடி கேட்டு, மறுபடி எனக்கு ஒன்று தெரிந்து, அதுவும் தப்பாக இருந்தால்? அதை அவனிடம் சொல்லவில்லை. "நான் வாயைத் திறந்து ரெண்டாவதுன்னு சொன்னேன். ரெண்டாவது சம்பந்தியோடது. ஹால்ல அதுதான்," என்றேன்.

சமீர் சாகிப் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுத்தார். "என்னைக் கூனிக்குறுக வைக்காதீங்க. திரும்ப எடுத்துட்டுப் போறேன்." நான் விடவில்லை. எங்கள் வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பதில்லை. கறுப்பு செட்டை அஸ்பாக் தட்டில் ஏற்றினான். மெஹ்விஷ் அழுதாளா சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் முருகையன் வந்து எங்கள் செட்டுக்கு ஃபியூஸ் மாற்றினான். இப்போது அது என் அறையில் இருக்கிறது. தினமும் அதில் அந்த ஷெனாயைக் கேட்கிறேன். சில நாள் அடி தரையில் அழுந்துகிறது. சில நாள் தள்ளிப் போய்விடுகிறது. பிறகு எழுந்து ஹாலுக்குப் போய்க் கறுப்பு செட்டில் கேட்கிறேன். அங்கேயும் அப்படியே.

கீழ்பென்னாத்தூர் மண்டியிலும் இங்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் ஒரு பேச்சு நடக்கிறது. சம்பந்தி வீட்டு செட் பாடக் கூடாது என்று அப்துல் ரசாக் அதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டாராம். ஃபியூஸ் போனது எங்கள் செட்டில். அதை யாரும் பிடுங்கவில்லை. தானாகப் போனது.