வெறும் டப்பா

ஹரிப்ரியாவுக்குத் தன் பெயரோடு வரப்போகும் முதல் வேலை அது. இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் சக்கைப்போடு போட்ட நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தமிழுக்கு மாற்றித் தரவேண்டும். முதல் பகுதியிலேயே வண்டி மண்ணில் புதைந்துவிட்டது.

கதை இதுதான். இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அவருக்குச் சோறு போட மனமில்லாத கணவனும் மனைவியும் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கடியில் ஒளிந்துகொள்வார்கள். அங்கே அதற்கு வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். ஹரிப்ரியா ஊரைக் கேளம்பாக்கமாக்கினாள், சூப்பைச் சாம்பாராக்கினாள். கோவளத்துப் படப்பிடிப்பு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்தபோது ஒரு பல் தெரியவில்லை.

இயக்குநர் மோகன் நல்ல மனிதர். அவளைத் தனியாக அழைத்து, அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் சேனல்காரர்கள் வேறு ஆளைப் போடச் சொல்வார்கள், தன்னால் தடுக்க முடியாது என்று தணிவாகச் சொன்னார்.

புதுப்பட்டினத்தில் வீடு வந்து சேர்ந்தவள் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கீழ் வீட்டு நர்ஸ் பிரிசில்லா அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொழுக்கட்டையோடு மாடி ஏறி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் என்னவென்று விசாரித்தாள். ஹரிப்ரியா காட்சியை முழுதாகப் படித்துக் காட்டினாள். அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆளு துன்னானா, இல்லியா?"

"அக்கா, இது காமெடி."

"வெளிய ஒருத்தன் பசியோட நின்னுகினு கீறான். உள்ள சோத்த வெச்சிகினு ஒளியறாங்க. இதுல இன்னா காமெடி கீது?"

ஹரிப்ரியா எழுந்தாள். கொழுக்கட்டையைத் தட்டில் கொட்டி, டப்பாவைக் கழுவினாள். திருப்பிக் கொடுக்க அதில் போட ஏதாவது வேண்டுமே என்று அலமாரியைத் துழாவினாள். ஒன்றும் இல்லை.

"வெறும் டப்பாவா எப்படிக்கா குடுக்கறது? இருக்கட்டும், நாளைக்கு..."

பிரிசில்லா அக்கா பெருமூச்சு விட்டாள். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? போன வாட்டி நீ சுண்டல் போட்டுக் குடுத்துட்ட. அத்த திருப்பணுமேன்னுதான் இன்னிக்கு லீவு நாளும் அதுவுமா மாவு புடிச்சிகினு கெடந்தேன். கையி வுட்டுப்போச்சு."

"ஐயோ அக்கா, நீங்க கேக் குடுத்தீங்களேன்னுதானே நான் அந்தச் சுண்டலையே பண்ணேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொங்கலிலிருந்து அந்த டப்பா மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பிறகு வந்த சிரிப்பில் இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எந்த ஊரானாலும் படியளப்பவன் ஒருவன்தான். அளக்கிற படிதான் ஊருக்கு ஊர் வேறு. சிரிப்பும் அப்படித்தான். ஹரிப்ரியா காட்சியில் அதிகம் மாற்றவில்லை. விளக்கு அணைந்தது, மேசைக்கடியில் இருவரும் ஒளிந்தார்கள். ஆனால் இம்முறை பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட வரவில்லை. நிறைந்த டப்பாவோடு வந்தார். பதிலுக்குப் போட்டுக் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லாமல் உள்ளே இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, வெளியே அவர் தன் மனைவியிடம் கிசுகிசுத்தார்: "நல்லவேளை, ஆள் இல்ல. வெச்சிட்டு ஓடிரலாம் வா."

கோவளத்தில் அதைப் படித்தபோது முதலில் சிரித்தவர் விளக்குப் பிடிக்கும் மணி அண்ணன். மோகன் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் வீட்டம்மாவும் எதிர்வீட்டுக்காரியும் இரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறார்கள் என்றார். மீதிப் பகுதிகளையும் அவளே எழுதட்டும் என்று அங்கேயே சேனலுக்குப் போன் செய்துவிட்டார்.

திரும்பும் வழியில் ஹரிப்ரியா சூடான மெதுபக்கோடா வாங்கினாள். வீட்டில் இன்னும் திருப்பித் தராமல் இருந்த டப்பாவை நிரப்பி எடுத்துக்கொண்டு கீழே போனாள். பிரிசில்லா அக்கா வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. வாசலில் இருந்த அழைப்புமணியை அழுத்தினாள்.

உள்ளே விளக்கு பட்டென்று அணைந்தது.

டப்பாவை வாசலில் வைத்துவிட்டு ஹரிப்ரியா மாடிப்படியை நோக்கி ஓடினாள். மூடிய கதவுக்குப் பின்னால் பிரிசில்லா அக்கா அடக்கிப் பார்த்து முடியாமல் சிரிப்பது மேல்படி வரை கேட்டது.