ஈரம் யார் பக்கம்

வெயில் மண்டையைப் பிளக்கிற கோடையிலும் தையல்காரியின் அறைச் சுவர் மட்டும் காயவில்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, கை பட்டால் மாவாக உதிர்ந்தது. அந்த அறையில்தான் அவளுடைய தையல் மிஷினும் இருந்தது. ஊரார் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் பூஞ்சை வாடை அடித்தது.

அவளும் செய்யாத வைத்தியம் இல்லை. சுவரைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினாள். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. நீர் புகாது என்று டப்பாவில் எழுதியிருந்த பெயிண்டை அடித்தாள். ஈரம் பெயிண்டையே தோலாக உரித்துப் போட்டது. பிளாஸ்டிக் தாளை ஆணியடித்து மறைத்தாள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, உள்ளே கரித்துண்டு மூட்டையும் கிண்ணத்தில் கல்லுப்பும் வைத்தாள். கடைசியில் துணி அடுக்குக்குக் கீழே ஒரு குண்டு பல்பைப் பகலெல்லாம் எரியவிட்டாள். அது ஓரளவு வேலை செய்தது. ஆனால் புண்ணை மூடி வைத்தால் ஆறிவிடுமா?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒரே வீடாக இருந்ததை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழும்பியது. சுவருக்கு இந்தப் பக்கம் இவளுடைய அறை, அந்தப் பக்கம் ஓரகத்தியின் குளியலறை. அவர்கள் குளிக்கிற தண்ணீர் இங்கே கசிகிறது. இதைக் கண்டுபிடிக்க மூளை வேண்டுமா? அவள் கணவரும் பாகம் பிரித்த நாளிலிருந்தே, "நல்ல பாதிய அவன் எடுத்துக்கிட்டான், ஓட்டைய நமக்கு விட்டுட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வருடங்களுக்கு முன்பு, வாடிக்கைக்காரி ஒருத்தி கறை பிடித்த பட்டுத்துணியை முகத்தில் அடித்தாற்போல் வீசிவிட்டுப் போன அன்று, தையல்காரி நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"உங்க வீட்டுல குளிக்கறீங்களா, எங்க சுவத்துல குளிக்கறீங்களா? ஊர் சோத்துல மண்ணள்ளிப் போடற குடும்பம்!"

அண்டை அயலார் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓரகத்தியின் புருஷன் லாரி ஓட்டப் போயிருந்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அதன் பிறகு சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஈரம் போகவில்லை. 'நான் தூங்கினப்புறம் திருட்டுத்தனமா குளிக்கறா' என்று தையல்காரி முடிவு கட்டினாள். கோபம் இருக்கிற இடத்தில் காரணத்துக்கா பஞ்சம்?

இந்தக் கோடையில் கொல்லையில் வைத்த செடியெல்லாம் கருகியது. மல்லிகை சருகானது, கத்திரி நின்றபடியே காய்ந்தது. மேல் தொட்டியில் தண்ணீர் ஏறுவதே பெரும்பாடு. செடிக்கு எங்கே ஊற்ற? பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்து ஊற்றினாள், செடியைச் சுற்றிக் காய்ந்த இலை பரப்பினாள், பழைய கோணிச் சாக்கை நனைத்துப் போட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை, நடுச்சுவரின் மூலையில் நின்ற எலுமிச்சை ஒன்றைத் தவிர. அது மட்டும் பச்சைப்பசேலென்று பூவும் பிஞ்சுமாக நின்றது. அதற்கு ஒரு செம்புத் தண்ணீர்கூட அவள் ஊற்றியதில்லை.

"உனக்கு மட்டும் யாருடி ஊத்தறா?" என்று கேட்டுக்கொண்டே மண்வெட்டியை எடுத்து வேரோரம் ஒரு போடு போட்டாள். முழங்கை ஆழத்தில் மண் சேறாக இருந்தது.

அந்த மூலை ஓரகத்தியின் குளியலறைக்குத் தொலைவு. ஆனால் தங்கள் வீட்டு மேல் தொட்டியிலிருந்து கொல்லைக் குழாய்க்கு வரும் பழைய இரும்புக் குழாய் அந்தச் சுவருக்குள் இறங்கி, அந்த மூலை வழியாகத்தான் போகிறது. தையல்காரி உள்ளே போய், துணிக்குப் போடும் நீலத்தைப் பாட்டிலோடு எடுத்துவந்து, ஏணியில் ஏறி, தங்கள் தொட்டியில் கவிழ்த்தாள். பாகம் பிரித்தபோதே ஓரகத்தி வீட்டுக்குத் தனித்தொட்டி. நீலம் எங்கே வெளிவருகிறதோ, அங்கே கசிவது இவர்கள் தண்ணீர்தான்.

மறுநாள் காலை எலுமிச்சைக் குழியில் தேங்கியிருந்த தண்ணீர் நீலமாக இருந்தது. அறைச் சுவரில் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் பார்த்தாள். கொப்புளங்களின் அடியில், வெள்ளைச் சுண்ணாம்பில், ஆகாய நிறத்தில் ஒரு கோடு.

கணவர் முகம் கழுவக் குழாயைத் திறந்தவர், கையில் விழுந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "நீலம் போட்டியா?" என்றார்.

அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஈரம் எதுவும் இல்லை.

"கேக்கறேன்ல?"

"நானும் போட்டுப் பாத்தேன்" என்றார். "நீ சண்டை போட்டப்புறம். அவங்க குளியலறைய மூடினப்புறமும் சுவர் காயலையேன்னு பாத்தேன்."

"மூடிட்டாங்களா? எப்ப?"

"சண்டை போட்ட மறுநாளே. அவ பின்னாடி தகரம் கட்டி அங்கதான் குளிக்கறா."

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"சொல்லி? சுவத்த உடைக்கணும். உடைச்சா அவனுக்குத் தெரியாமப் போகுமா? அண்ணன் வீட்டு ஓட்டைன்னு நாலு பேரு முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சிருப்பான்." துண்டை உதறிக் கொடியில் போட்டார். "உனக்குத்தான் பல்பு போட்டுக் காயவெக்கத் தெரியுதே. வேலை நடந்துதானே இருக்கு?"

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்க் குழாய்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். அவர் தொட்டியைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சுவத்த உடைக்கணுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா உடைக்கணும்? அந்தக் குழாய மேலேயே அடைச்சிடறேன். புதுசா ஒண்ணு வெளிப்பக்கமாக் கீழ விட்டாப் போதும். சாப்பிட்டு வந்து ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

தையல்காரி திகைத்துப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள்! இத்தனை வருட வசையும் வன்மமும், ஒருவேளைச் சோற்றுக்கும் அந்தி விளக்குக்கும் நடுவில் முடிகிற வேலைக்காக.

குழாய்காரர் ஏணியில் ஏறியதும், அவள் ஓரகத்தியின் வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்த ஓரகத்தி வழிவிடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. சுவரைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய வலது மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்ததைத் தையல்காரி அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கையில் மாவுக்கட்டைத் தூரத்திலிருந்து பார்த்தது நினைவு வந்தது. 'அனுபவிக்கட்டும்' என்று அன்று மனதுக்குள் சொன்னதும் நினைவு வந்தது.

"ஓட்டை எங்க குழாய்ல" என்றாள் தையல்காரி. எத்தனையோ சொல்ல நினைத்து வந்தவள். "இன்னிக்குத்தான் பாத்தேன்."

"அப்படியா."

"நீ பின்னாடி குளிக்கறது எனக்குத் தெரியாதும்மா. சண்டைக்கப்புறம் உங்க கொல்லைப் பக்கம் நான் திரும்பியே பாக்கல."

"மாமாவுக்குத் தெரியுமே, அக்கா. தகரம் கட்டறப்ப அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுத்தானே இருந்தாரு. பாசியில வழுக்கி விழுந்தப்பவும் பாத்தாரு. அவருதான் ஆட்டோ கூப்பிட்டு அனுப்பினாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

தையல்காரி அந்தக் கோணல் மணிக்கட்டையே பார்த்தாள்.

"இனிமே உள்ளயே குளிக்கலாமே" என்றாள் மெல்ல.

ஓரகத்தி நடந்துபோய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள். பாதிதான் திறந்தது. உள்ளே உடைந்த நாற்காலி, லாரி டயர், பழைய மெத்தை, கூரைவரை அட்டைப்பெட்டி. தரை எலும்பாகக் காய்ந்திருந்தது.

"இத எடுத்துப் போட எனக்குக் கை ஆகாதுக்கா. அவருக்கு நேரம் ஆகாது. பழகிப்போச்சு, விடுங்க." கதவை இழுத்துச் சாத்தினாள். "உங்க சுவர் காஞ்சாச் சரி."

அவள் கத்தியிருந்தால் தேவலை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது தையல்காரிக்கு.

சுவர் காயத் தொடங்கியது. ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்ன, ஈரம் நின்னுடுச்சாமே?" என்று கணவரிடம் விசாரித்தார். "ஆமாங்க, ஒருவழியா அந்தப் பக்கம் சரி பண்ணிட்டாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு" என்றார் அவர், கூசாமல்.

தையல்காரி கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தாள். "பொய்" என்றாள். "ஓட்டை எங்களது. இவருக்கு முதல்லயே தெரியும். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

எதிர்வீட்டுக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "விடுங்கம்மா, பழைய கதை. குடும்பத்துல ஆயிரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நழுவினார். அன்று சண்டையை வேடிக்கை பார்க்க வந்த தெருவில், இன்று உண்மையைக் கேட்க ஒரு ஆள் நிற்கவில்லை. கணவர் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அது அவளுக்கு அவ்வளவு பெரிய குறையாகவும் இல்லை.

குழாய்காரரை மறுபடி வரவழைத்து, மிச்சம் கிடந்த குழாயில் ஒரு கைப்பிடி செய்து ஓரகத்தியின் தகர மறைப்புக்குள் பொருத்தச் சொன்னாள். வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பான கல்லும் பதிக்கச் சொன்னாள். ஓரகத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. "போட்டுட்டுப் போங்க" என்று குழாய்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை தையல்காரி கொல்லையில் துணி உலர்த்தியபடி பார்த்தாள். ஓரகத்தி வாளியை வலது முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தாள். எப்போதும்போல இடதுகையால் வீட்டுச் சுவரைப் பிடித்து, அடிமேல் அடி வைத்து நடந்தாள். தகர மறைப்புக்குள் நுழைந்து, புதுக் கைப்பிடியைப் பிடிக்காமல் அதன்மேல் தரை துடைக்கிற பழந்துணியைப் போட்டாள். தகரக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.